இருபது வருஷம் தாங்குகிற ஷெட்

1

ஊரில் இருப்பவர்களுக்கு எதையாவது எழுத உட்கார்ந்தால் முதலில் ஒன்றைச் சொல்லித் தீர வேண்டியிருக்கிறது. அந்தமான் இந்தியாவில்தான் இருக்கிறது. இங்கேயும் நம் ரூபாய்தான். போன தடவை சாத்தூர் வந்தபோது என்னோடு படித்த ஒருவன், "அங்க போக பாஸ்போர்ட் வேணுமாப்பா?" என்று கேட்டான். வேண்டாம். ஆனாலும் வங்காளி, தெலுங்கர், மலையாளி, நாங்கள் எல்லோருமே உங்கள் பக்கத்தை 'மெயின்லேண்ட்' என்றுதான் சொல்கிறோம். அப்படி ஒரு சொல் வாயில் ஏறிவிட்டால் பாஸ்போர்ட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

நானும் பார்வதியும் கப்பலிலிருந்து இந்தத் தீவில் இறங்கிய நாள் வருஷா வருஷம் வரும். அன்றைக்கு அவள் சேமியா பாயசம் வைப்பாள். சென்னையிலிருந்து மகன் கதிர் கூப்பிடுவான். வாழ்த்தெல்லாம் சொல்ல மாட்டான். "இத்தனை வருஷம் இருந்தது போதும்ப்பா. ரெண்டு பேரும் கிளம்பி இங்க வந்துருங்க" என்பான். "பாக்கலாம்" என்பேன். எங்கள் வீட்டில் இது ஒரு சடங்கு மாதிரி.

இந்த வருஷம் சரி என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். ரிட்டையர் ஆகிவிட்டேன். முட்டி வலிக்கிறது. முக்கியமாக, ஈரக்காற்று அலுத்துவிட்டது. சாத்தூர்க் காற்றில் ஈரமே கிடையாது. சட்டை காலையில் காயப்போட்டால் பல் விளக்கி வருவதற்குள் காய்ந்துவிடும். இங்கே மழைக்காலத்தில் தலையணை உறைகூடக் கசகசவென்று இருக்கும். சென்னையும் கடற்கரைதான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சென்னையில் இருந்தால் ராத்திரி பஸ் ஏறி விடியும்போது சாத்தூரில் இறங்கலாம்.

முடிவை ஒரு வாரத்துக்கு முன்பே பார்வதியிடம் சொல்லியிருந்தேன். "இந்தத் தடவை அவன் கூப்பிட்டா சரின்னு சொல்லிரப் போறேன்" என்றேன். அவள் அரிசியில் கல் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

அன்றைக்குக் கதிர் கூப்பிட்டான். பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருந்தேன். முட்டி வலியை விசாரித்தான். மழையை விசாரித்தான். அப்புறம் சொன்னான்:

"அப்பா, தோட்டத்துச் சாமானெல்லாம் வீட்டுக்குள்ளயே கிடக்குல்ல? பின்னாடி ஒரு சின்ன ஷெட் போட்டுரலாமா? நல்ல குவாலிட்டியா. நான் வாங்கித் தரேன்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன? அவ்ளோதான். யோசிச்சு வைங்க."

வைத்துவிட்டான். வா என்ற அந்த ஒரு வாக்கியம் வரவே இல்லை.

2

நான் சந்தேகப்பிராணி என்று பார்வதி சொல்வாள். என் வேலை அப்படி. ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் சாமான்கள் வைக்கிற ஸ்டோரில் இருந்தேன். பெட்டி மேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. திறந்து பார்க்காமல் எதையும் வாங்கியதாகக் கையெழுத்துப் போட்டவனில்லை. அந்தப் புத்தி ரிட்டையர் ஆகவில்லை.

ஷெட் என்கிற பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது பிடிக்கவில்லை. தகப்பன் தன்னோடு வந்து இருக்கப்போகிறான் என்று நினைக்கிற எந்த மகனாவது அவனுக்கு ஷெட் வாங்கித் தருவானா? இங்கேயே கிடக்கட்டும் என்று நினைக்கிறவன்தான் வாங்கித் தருவான். வாயால் சொல்லச் சங்கடம், தகரத்தில் சொல்கிறான்.

மருமகள் ஹேமா மீதும் சந்தேகம் போயிற்று. நல்ல பெண்தான். சென்னைக்காரி, ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறை இங்கே வந்திருக்கிறாள். முதல் முறை வந்தபோது எங்கள் தோட்டத்து நத்தையைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். உங்கள் பக்கத்து நத்தையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே இருப்பது உள்ளங்கை நீளம் வளரும். மழை பெய்த மறுநாள் வெண்டைச் செடியைத் தண்டோடு தின்று வைத்திருக்கும்.

நத்தைக்கு மருந்து, மருந்தடிக்க ஸ்ப்ரேயர், மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி, குழாய்ச் சுருள், உர மூட்டை என்று சேர்ந்துகொண்டே போனது. டாலிகஞ்சில் எங்கள் வீடு சின்னது. கதிர் படிக்கப் போனதும் அவன் அறை காலியாக இருந்தது. முதலில் மண்வெட்டியை மட்டும் அதில் சாத்தி வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் போய், இப்போது அவன் கட்டிலுக்கு அடியிலும் மேலுமாகத் தோட்டம்தான் கிடக்கிறது. அவர்கள் வந்தால் கூடத்தில் பாய் போட்டுப் படுப்பார்கள்.

3

மறுநாளிலிருந்து வாட்ஸப்பில் ஷெட் படங்கள் வர ஆரம்பித்தன.

முதலில் பிளாஸ்டிக். சாம்பல் நிறம், பொம்மை வீடு மாதிரி. "இந்த வெயிலுக்கு ரெண்டு வருஷத்துல இத்துப்போயிரும்" என்று எழுதினேன். அடுத்தது மரம். "கரையான். அதோட இங்க மரத்துக்கு ஃபாரஸ்ட் ஆபீஸ்ல யார் பதில் சொல்றது?" அடுத்தது மடக்கித் தூக்கிவைக்கிற தகர ஷெட், மெல்லிய ஷீட். "ஒரு காத்து அடிச்சா ரங்கத்துல போய் விழும்" என்று எழுதினேன். மத்திய அந்தமானில் இருக்கிறது ரங்கத். அவ்வளவு தூரம் பறக்காதுதான். கோபத்தில் எழுதியது.

ஒன்று பரவாயில்லை போலிருந்தது. அவனே ஆர்டர் போடப் பார்த்தான். எங்கள் பின்கோடைப் போட்டதும் இந்த இடத்துக்கு அனுப்ப இயலாது என்று வந்துவிட்டது. கம்பெனிக்கு போன் போட்டால், அந்தப் பெண், "சார், நாங்க இந்தியாவுக்குள்ள மட்டும்தான் அனுப்புறோம்" என்றாளாம். எனக்கு அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

உண்மையைச் சொன்னால், ஷெட் முடிவாகாத வரைக்கும் மற்றதும் முடிவாகாது என்று நினைத்தேன். நாளைக்கே அவன், "சரி, ஷெட்டை விடுங்க, கிளம்பி வாங்க" என்று சொல்லிவிடலாம் இல்லையா? அதனால் ஒவ்வொன்றிலும் ஓட்டை கண்டுபிடித்தேன்.

ஆனால் அவன் விடுவதாக இல்லை. கேள்விகள் கேட்டான்.

"அந்த ரூம்ல இருக்கிற சாமான் மொத்தமும் ஷெட்டுக்குள்ள போயிருமாப்பா? ஒண்ணுகூட மிச்சமில்லாம?"

"ஏன், மிச்சமிருந்தா உனக்கென்ன?"

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கிறவனுக்கு ஏன் குரல் அப்படி இறங்க வேண்டும்?

பார்வதியும் சரியில்லை. வழக்கமாக அவனோடு பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவள், போனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போக ஆரம்பித்தாள். குழாயில் தண்ணீர் வராத நாளில் தொட்டிப் பக்கம் என்ன வேலை? நான் எட்டிப் பார்த்தால், "சரிடா, அப்பா வாராக, வைக்கிறேன்" என்பாள்.

"என்ன சொல்றான்?"

"ஒண்ணுமில்ல. யாழினிக்குச் சளியாம்."

யாழினி என் பேத்தி. ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரே வாரத்தில் அவளுக்கு மூன்று தடவை சளி பிடித்தது. வீடியோவில் பார்த்தால் மூக்கில் ஒரு சொட்டு இல்லை.

"ஏங்க, பிள்ளை ஆசையா ஒண்ணு செஞ்சு தாரேன்கிறான். அதுல போய் எதை நோண்டுறீக?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆசையாத்தான் தாரானான்னு பாக்கிறேன்."

"உங்களுக்கு முழங்கால்ல வலியில்ல. மண்டைக்குள்ளதான்."

4

கடைசியில் இங்கேயே செய்யச் சொல்லிவிடலாம் என்று கதிர் சொன்னான். எங்கள் தெருமுனையில் பிஸ்வாஸ் என்பவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ரங்கத்தில் விவசாயக் குடும்பம். அவருடைய தம்பி கதிரோடு பள்ளியில் படித்தவன்.

அதற்கு முன்னால் பின்பக்கம் ஷெட் போட அனுமதி வேண்டுமா என்று தெரிந்துகொள்ள ஒரு ஆபீசுக்குப் போனேன். முதல் கவுண்டரில் இரண்டாவதைக் காட்டினார்கள். இரண்டாவதில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். வந்ததும் என் இந்தியைக் கேட்டுச் சிரித்தார். இத்தனை வருஷமாகியும் என் இந்தியில் எது ஆண், எது பெண் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஷெட்டைப் பெண்ணாக்கிவிட்டேன்.

"பக்கா யா கச்சா?" என்றார். நிலையாகக் கட்டுவதா, கழற்றி எடுக்கிற மாதிரியா என்று அர்த்தம். சிமென்ட் தளம் போட்டு ஊன்றினால் பக்கா, அதற்கு விண்ணப்பம், வரைபடம் எல்லாம் வேண்டும். வெறும் கட்டையின் மேல் தூக்கி வைத்தால் கச்சா, யாரும் கேட்க மாட்டார்கள்.

"தெரியலை" என்றேன்.

"உங்க வீடு, உங்களுக்கே தெரியலையா?" என்று கேட்டார். தவறாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் வந்ததே கச்சாவாகத்தான். மூன்று வருஷம் இருந்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவது என்று பேச்சு. பீரோ வாங்கவில்லை. மூன்று வருஷத்துக்கு எதற்கு பீரோ என்று துணிகளைப் பெட்டியிலேயே வைத்திருந்தோம். கதிர் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போன பிறகும் பெட்டிதான். அவன் சினேகிதர்கள் வீட்டுக்கு வந்தால், "உங்க அப்பா எந்த ஊருக்குப் போறாரு?" என்று கேட்பார்களாம்.

பிஸ்வாஸ் பட்டறையில் நல்ல கூட்டம். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"ஆயியே, அண்ணா" என்றார், வாங்க என்று.

பிறகு நாங்கள் இந்தியில் பேசினோம், தமிழில் எழுதுகிறேன். நான் போனதே விலாவாரியாகக் கேட்டுக் குறை சொல்வதற்கு. ஷீட் என்ன கனம், கூரைக்குச் சரிவு போதுமா, கதவில் தள்ளுவண்டி நுழையுமா என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். பெயின்ட் அடித்த கனமான ஷீட். துருப்பிடிக்காத ஸ்க்ரூ, ஏனென்றால் இங்கே ஷீட்டுக்கு முன்னால் ஸ்க்ரூதான் போகும். மேலே இரண்டு பக்கமும் காற்றுப் போக ஜாலி வலை, இல்லாவிட்டால் அடைத்த தகரத்துக்குள் வேர்த்துச் சொட்டும். தரையிலிருந்து முக்கால் அடி தூக்கி நிற்கும். கூரைத் தகரம் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

"இவ்வளவு எதுக்கு? சாதாரணமா ஒண்ணு போட்டாப் போதாதா?" என்றேன்.

"போதும். ஆனா கதிர் விட மாட்டான். இருபது வருஷம் தாங்கணும்னு சொல்லியிருக்கான்."

"உங்ககிட்ட எப்பச் சொன்னான்?"

"போன மாசமே போன் பண்ணானே. ஆன்லைன்ல அமையலேன்னா நீங்கதான் செய்யணும்னு அளவெல்லாம் பேசி வச்சுட்டான்."

போன மாசம். எனக்குப் படங்கள் அனுப்புவதற்கு முன்பே. நான் பாயசக் கிண்ணத்தோடு காத்திருந்ததற்கு முன்பே. எனக்கு இப்போது நடக்கிற வயதோடு இன்னும் இருபது வருஷத்தைக் கூட்டிப் பார்த்தேன். என் ஆயுசு முடிகிறவரைக்கும் தாங்குகிற மாதிரி ஒன்றைச் செய்யச் சொல்லியிருக்கிறான் என் மகன்.

பிஸ்வாஸ் டீ சொன்னார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

5

வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டேன். மத்தியானம், அவன் வேலையில் இருக்கிற நேரம். இருந்தாலும் எடுத்தான்.

"என்னை இங்கயே வச்சுப் பூட்டிரலாம்னு பாக்கிறியா?"

"என்னப்பா?"

"இருபது வருஷத்துக்குத் தாங்கணும்னியாமே. நான் அதுக்கு மேல இருந்துட்டா என்ன பண்ணுவ? வரவேண்டாம்னா வரவேண்டாம்னு சொல்லு. உங்க அம்மாவும் கூட்டு. நான் ஒண்ணும் உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கப் போறதில்ல."

அவனுக்குப் பின்னால் எங்கேயோ லாரி ஹாரன் கேட்டது. கூடத்திலிருந்து பார்வதி எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள்.

"அப்பா," என்றான், "ஷெட்டு உங்களுக்கில்ல. என் ரூமு எனக்கு வேணும்."

எனக்குப் புரியவில்லை.

"நாங்க அங்க வந்துரலாம்னு இருக்கோம். ஃபெர்ரி ஓட்டுற ஒரு பிரைவேட் கம்பெனில எஞ்சின் மெயின்டெனன்ஸ் வேலை. போன மாசமே கூப்பிட்டாச்சு. ஹேமாவும் அங்க ஏதாச்சும் லேப்ல பாத்துக்கிறேன்றா. அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க இங்க வர முடிவு பண்ணிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க. நான் வாரேன்னு சொன்னா, 'உன்னையக் கரை சேர்த்துட்டோம்னு நினைச்சேன், திரும்பியும் தீவுக்கு வாரியா'ன்னு திட்டுவீங்க. நீங்க வாரேன்னு சொல்லி, நான் வேண்டாம்னா அது அதைவிட மோசம். என்ன பண்றதுன்னு தெரியல. அதான் ஷெட்டுலருந்து ஆரம்பிச்சேன்."

"சென்னைக்கு என்னடா குறை?"

அவன் கொஞ்சம் சிரித்தான். "குறையெல்லாம் இல்ல. பன்னெண்டு வருஷமா இங்க இருக்கேன். இன்னைக்கும் அவசரத்துல பக்கெட்டை பால்டின்னு சொல்லிடறேன். உடனே, 'நீ நார்த்தாடா?' இல்ல, தமிழ்தான்னா, 'எந்த ஊரு?' அந்தமான்னா, 'அது ஊரில்லையே, சொந்த ஊரு எது?' சாத்தூர்னு சொல்றேன். சாத்தூர்ல யாரையாச்சும் தெரியுமான்னு கேக்கிறாங்க. எனக்கு யாரைப்பா தெரியும்? உங்களைத் தெரியும். நீங்க டாலிகஞ்ச்ல இருக்கீங்க."

போன தடவை ஊரில் டீக்கடையில் நான், "பையா, ஏக் சாய்" என்று இந்தியில் டீ கேட்டுவிட்டேன். கடைக்காரர் என் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, "வடக்கயா சார்?" என்று கேட்டார். அவருடைய கடைக்கு எதிர்த்த தெருவில்தான் நான் பிறந்தேன். அதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அவனிடமும் சொல்லவில்லை.

"அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன்.

6

சந்தோஷப்பட்டேன் என்று நீங்கள் நினைத்தால், அரைவாசிதான் சரி. ஏமாற்றப்பட்ட மாதிரியும் இருந்தது. நான் இத்தனை காலம் எங்கிருந்து கிளம்பக் காத்திருந்தேனோ அங்கேயே அவன் திரும்பி வருகிறேன் என்கிறான். அவன் வந்தால் நான் போக முடியாது. எங்கே போவது, யாரிடம் போவது?

பார்வதியிடம் சண்டை போட்டேன். "அவன் வாரேன்னு சொன்னதை ஏன் மறைச்ச?"

"நீங்க அங்க போகணும்னு ஆசையா இருந்தீக. எந்த வாயால சொல்றது?" என்றாள். "எனக்கு மட்டும் ஆசையில்லையா? எங்க அக்கா, தங்கச்சி எல்லாம் அங்கதான் இருக்காளுக. ஆனா பிள்ளை இங்க வாரேன்கிறான். நாம அங்க போயி, அவன் இங்க வந்து, மறுபடியும் போன்லயே பேசிக்கிட்டுக் கிடக்கணுமா?"

"நான் வேண்டாம்னு சொன்னா?"

"சொல்லுங்க. வர மாட்டான். உங்க பேச்சை மீற மாட்டான். சொல்லுவீகளா?"

அடுத்த இரண்டு நாளும் அவன் அறைக்குள் போய்ப் போய் வந்தேன். கட்டிலுக்கடியில் இருந்த உர மூட்டை கசிந்து தரையில் வெள்ளையாக உறைந்திருந்தது. சுவரில் அவன் பள்ளிக்கூட நாட்களில் ஒட்டிய கப்பல் படத்துக்கு மேல் மருந்து தெறித்திருந்தது. இந்த அறையில் இனி யாரும் இருக்கப்போவதில்லை என்று எப்போது முடிவு செய்தேன், எனக்கே ஞாபகமில்லை.

மூன்றாம் நாள் காலையில் பிஸ்வாஸ் பட்டறைக்குப் போனேன். ஸ்க்ரூ டப்பாவை வாங்கி ஒவ்வொன்றாகக் காந்தம் வைத்துப் பார்த்தேன், துருப்பிடிக்காத ஸ்க்ரூவில் காந்தம் ஒட்டாது. கதவை அரையடி அகலப்படுத்தச் சொன்னேன். எப்போது முடியும் என்று கேட்டேன். கதிருக்கு நான் அனுப்பிய செய்தி ஒரே வரி: "பச்சை கலர் சொல்லிட்டேன், பரவாயில்லையா?" பதிலுக்கு ஹேமாதான் கூப்பிட்டாள்.

"மாமா, அவரு அழுதுட்டு இருக்காரு. நான் ஒண்ணு கேக்கவா? அந்த நத்தை... வீட்டுக்குள்ள வராதுல்ல?"

"வராது" என்றேன். எப்போதாவது வரும்.

ஷெட் வந்தது. பிஸ்வாசும் இரண்டு ஆட்களும் ஒரே நாளில் கட்டைகளின் மேல் நிறுத்தி ஸ்க்ரூ முடுக்கிவிட்டுப் போனார்கள். மழை வரட்டும் என்று காத்திருந்து, பெய்தபோது உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தேன். எங்கேயும் ஒழுகவில்லை. குறை சொல்ல ஒன்றும் அகப்படாததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பள்ளி விடுமுறையில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். சாமான்கள் கப்பலில் தனியாக வந்தன. கதிருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தெருவில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் இந்தியிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினான். போன வாரம்வரை சென்னையில் என்ன சொல்லிக்கொண்டிருந்தானோ, இங்கே அவன் பால்டி என்று கேட்டபோது நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹேமா வாசலில் செருப்பைப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் உதறினாள்.

யாழினி மட்டும் எதையும் தொடவில்லை. தன் பையை முதுகிலிருந்து இறக்க மாட்டேன் என்றாள். பார்வதி கெஞ்சிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வேலியோரம் வந்து அவளை இந்தியில் விளையாடக் கூப்பிட்டார்கள். அவளுக்குப் புரியவில்லை. பையோடு பின்பக்கம் போய்த் தென்னை மரத்தடியில் நின்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். கதிர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தான்.

"அப்பா," என்று அவனைக் கேட்டாள், "நாம எப்ப ஊருக்குப் போறோம்?"

கதிர் சிரித்துக்கொண்டு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "இதுதாண்டா நம்ம ஊரு" என்றான்.

அவள் அவனை நன்றாகப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அவன் சொன்னதை நாங்கள் இரண்டு பேருமே நம்பவில்லை.